காலடியில் என்ன சார் இருக்கிறது?

கேள்வி: கேளம்பாக்கம் பக்கம் ஒரு மனை பார்த்தேன். "பாறை மாதிரி மண் சார், கண்ணை மூடிக்கொண்டு கட்டுங்கள்" என்கிறார் புரோக்கர். நம்பலாமா? (மனை தேடுபவர், தாம்பரம்)

பதில்: கண்ணை மூடச் சொன்னதில்தான் சூட்சுமம். அந்தப் பக்கத்து உப்பளங்களைக் கண்ணைத் திறந்து பாருங்கள். பாத்தியில் கட்டிய உப்புநீர் கீழே இறங்காமல் நிற்கிறதென்றால் அடியில் இருப்பது களிமண். பாறைதான் வேண்டுமென்றால் மாமல்லபுரம் போக வேண்டும். அங்கே பாறைக்கு டிக்கெட் கொடுப்பார்கள், பட்டா கொடுக்க மாட்டார்கள்.

கேள்வி: பல்லவர்கள் சாயில் டெஸ்ட் பார்த்தா கடற்கரைக் கோயிலைக் கட்டினார்கள்? 1,300 வருடமாக நிற்கிறதே! இன்றைய என்ஜினீயர்களுக்கு எதற்கு இத்தனை மெஷின்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கல்பட்டு)

பதில்: பல்லவ மன்னர் ராஜசிம்மன் பாறை பார்த்து அதன்மேல் கட்டினார்; அதுவே டெஸ்ட். ஐந்து ரதங்களுக்கு அஸ்திவாரமே கிடையாது, பாறையை மேலிருந்து செதுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். கொஞ்சம் வடக்கே சாளுவன்குப்பத்துக்குப் போங்கள். 2004 சுனாமிக்கு அடுத்த வருடம் தொல்லியல் துறை அங்கே மணலுக்கு அடியிலிருந்து ஒரு செங்கல் முருகன் கோயிலைத் தோண்டி எடுத்தது. அதைக் கட்டியவர்கள் வண்டலைப் பரப்பி, அதன்மேல் செங்கல் வரிசைகளை வைத்திருக்கிறார்கள். அது இடிந்ததற்குக் கடல் பொங்கியதைத்தான் ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். நின்றதை மட்டும் எண்ணினால் முன்னோர் எல்லோரும் மேதைகள். விழுந்தவை மணலுக்குள் கிடக்கின்றன, எண்ண ஆளில்லை.

கேள்வி: மனையில் முழக்குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டேன். மிஞ்சினால் யோகம், குறைந்தால் ஆகாது என்பது சாஸ்திரம். எனக்கு அரைச் சட்டி குறைகிறது. விற்றுவிடட்டுமா? (கவலைப்படுபவர், திருக்கழுக்குன்றம்)

பதில்: விற்க வேண்டாம், சாஸ்திரத்தைக் கிண்டல் செய்யவும் வேண்டாம். இறுகிக் கிடந்த மண்ணைத் தோண்டினால் உதிர்ந்து பருக்கும், திரும்பப் போட்டால் மிஞ்சும். ஏற்கெனவே பொலபொலவென்று கிடந்த மண் குறையும். ஆக, அது அந்தக் காலத்து அடர்த்திச் சோதனை. இன்றும் ரோடு போடுகிறவர்கள் சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்து, குழியை அளந்த மணலால் நிரப்பித்தான் இறுக்கத்தைக் கணக்குப் பார்க்கிறார்கள். ஒரே குறை, முழக்குழி முழ ஆழத்து சேதியைத்தான் சொல்லும். வீட்டின் பாரம் பல அடி இறங்கும். மேலே கெட்டி கிராவல், நாலடிக்குக் கீழே சேறு என்றிருக்கும் மனைக்கும் அந்தக் குழி யோகம் என்றே சொல்லிவிடும்.

கேள்வி: தாழ்வான மனை. மூன்றடி சவுடு கொட்டி, திமிசு போட்டு, ஒரு மழையும் ஊறவிட்டேன். இனி கவலையில்லாமல் கட்டலாம்தானே? (வங்கி ஊழியர், நாவலூர்)

பதில்: நீங்கள் மண் கொட்டியதாக நினைக்கிறீர்கள். அடியில் களி இருந்தால் அதன் தலையில் ஏற்கெனவே ஒரு மாடி ஏறிவிட்டது. மூன்றடி மண் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன். சாதாரண வீட்டின் ஒரு தளமும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். திமிசு இறுக்கியது சவுடை மட்டும். களி இறுக வேண்டுமானால் அதன் துளைகளில் இருக்கும் தண்ணீர் வெளியேற வேண்டும். அந்தத் தண்ணீர் பட்டா மாற்றத்துக்குப் போட்ட மனுவைவிட மெதுவாக நகரும்.

இதற்குக் கணக்குச் சொன்னவர் பொறியாளர் டெர்சாகி, 1925இல். தண்ணீர் வெளியேறக் கடக்க வேண்டிய தூரம் பாதியானால் நேரம் கால் பங்காகிவிடும். இந்த ஒரு வரியை வைத்து ஒரு தொழிலே நடக்கிறது. பத்து சென்டிமீட்டர் அகல பிளாஸ்டிக் பட்டைகளுக்கு வடிதுணி உறை போட்டு, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகக் களிக்குள் இறக்குகிறார்கள். பல மீட்டர் மேலே ஏறித் தப்பிக்க வேண்டிய தண்ணீர், முக்கால் மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து பட்டை வழியே வெளியே வந்துவிடும். மேலே மண்மேடு குவித்து அழுத்தினால் பல வருட அமுக்கம் சில மாதங்களில் முடியும். அப்புறம் உபரி மண்ணை அள்ளிவிட்டுக் கட்டுவார்கள். இதிலும் ஆழம் தெரிந்து காலைவிட வேண்டும். ஜப்பானின் கன்சாய் விமான நிலையத் தீவுக்கு அடியில் லட்சக்கணக்கான மணல் துளைகள் போட்டார்கள். 1994இல் திறந்தும் அது இன்னும் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. துளைகள் எட்டாத ஆழத்திலும் களி இருந்தது!

உங்கள் வீட்டுக்குப் பட்டை தேவைப்படாது. சவுடுக்கு அடியில் களி எத்தனை அடி என்பதை மட்டும் தெரிந்துகொள்ளாமல் வானம் தோண்டாதீர்கள்.

கேள்வி: பக்கத்து அபார்ட்மென்ட் சைட்டில் ராட்சதக் குழாயை அதிர அதிர இறக்கி, குழியில் ஜல்லி கொட்டுகிறார்கள். என் ஜன்னல் கடகடக்கிறது. என்ன வேலை அது? (தூக்கம் போனவர், சிறுசேரி)

பதில்: ஜல்லித் தூண். குழாயின் நுனியில் அதிரும் மோட்டார் இருக்கிறது. 1930களில் ஜெர்மனியில் மணலை இறுக்குவதற்காகத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். மணலை உலுக்கினால் போதும், நெருங்கி உட்கார்ந்துவிடும். களியை உலுக்கினால் கலங்கி இன்னும் இளகும். அதனால் அங்கே துளை போட்டு, முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் தடிமனுக்கு ஜல்லியை இடித்து நிரப்புகிறார்கள். தூண் பாரமும் தாங்கும், தண்ணீருக்கு வழியும் விடும். ஐ.எஸ். 15284 என்று 2003லேயே நம் தர நிர்ணய அமைப்பு இதற்கு விதி எழுதிவிட்டது. ஆனால் தூணைச் சுற்றி நின்று பிடிப்பது களிதான். அது கூழாக இருந்தால் ஜல்லி பக்கவாட்டில் பிதுங்கிவிடும். ஈசிஆர் மணலில் பேர் வாங்கிய கான்ட்ராக்டர் அதே வித்தையோடு ஓஎம்ஆர் களிக்கு வந்தால் உஷாராக இருங்கள். நடுவில் பக்கிங்ஹாம் கால்வாய் மட்டும்தான் தெரிகிறது. மண் வேறு தேசம். நிற்க, இன்றைக்கே உங்கள் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: சேற்றில் சவுக்குக் கம்பு அடித்து அதன்மேல் அஸ்திவாரம் போடலாம் என்கிறார் மேஸ்திரி. உளுத்துப்போகாதா? (முட்டுக்காடு வாசகி)

பதில்: வருடம் பூராவும் நீர்மட்டத்துக்குக் கீழேயே இருந்தால் உங்கள் பேரனின் பேரனுக்கும் இருக்கும். காற்றில்லாத இடத்தில் பூஞ்சை பிழைக்காது. வெனிஸ் நகரமே மரக்கம்புகள் மேல்தான் நிற்கிறது. கோடையில் தண்ணீர் இறங்கிக் கம்பின் தலை காய்ந்தால் ஆட்டம் முடிந்தது. உங்கள் தெருவில் எத்தனை போர்வெல் என்று எண்ணிவிட்டு மேஸ்திரிக்குப் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: களிமண்ணில் சுண்ணாம்பு கலந்தால் கல்லாகிவிடும் என்று யூடியூபில் பார்த்தேன். (கோவளம் இளைஞர்)

பதில்: ஆகும். உப்பளத்து மண்ணில் சல்பேட் இருந்தால் வேறு கதை. சுண்ணாம்பு, களி, சல்பேட் மூன்றும் கூடினால் எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகம் வளர்ந்து, தண்ணீர் குடித்து, தரையையே தூக்கும். முதலில் லேப், பிறகு யூடியூப்.

கேள்வி: மழைக்காலத்தில் சுவர் விரிசல் மூடிக்கொள்கிறது, சித்திரையில் வாய் திறக்கிறது. பில்லி சூனியமா? (மதுராந்தகம்)

பதில்: உப்பும் களி. லேபில் பத்து கிராம் உலர்ந்த மண்ணைத் தண்ணீரிலும், இன்னொரு பத்து கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக உப்பியதோ அதுதான் உங்கள் சூனியத்தின் அளவு. புது வீடென்றால், ஈரம் மாறாத ஆழத்தில் குமிழ் விட்ட பைல் போடலாம். ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் கொடை. இருக்கிற வீட்டுக்கு, சுவரோரத்து மரத்தையும் ஒழுகும் குழாயையும் முதலில் கவனியுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்தமான கடற்கரை மணல். களியும் இல்லை, கவலையும் இல்லை! (சதுரங்கப்பட்டினம்)

பதில்: 1964இல் ஜப்பானின் நிகாட்டாவிலும் மணல்தான். பூகம்பத்தில் அது நீரோடு குழம்பாகி, அடுக்குமாடிகள் பெரிதாக உடையாமல் அப்படியே சாய்ந்து படுத்தன. சென்னை வட்டாரத்தை 2002லேயே மூன்றாம் அதிர்வு மண்டலத்துக்கு மாற்றிவிட்டார்கள். உங்கள் மணல் எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க, சாயில் டெஸ்ட்டில் 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். அந்த எண் வரட்டும், பிறகு கொண்டாடலாம்.

கேள்வி: சாயில் டெஸ்ட் துளையை ஈசானிய மூலையில்தான் போட வேண்டும் என்கிறார் மாமனார். (புது மாப்பிள்ளை, கல்பாக்கம்)

பதில்: அங்கே கிணற்றுக்குப் போட்டு மாமனாரைக் குளிர வையுங்கள். டெஸ்ட்டுக்கு வீட்டின் தூண்கள் வரும் இடத்தில் போடுங்கள், குறைந்தது இரண்டு. அன்றைக்கு லீவு எடுத்துப் பக்கத்தில் நின்று சுத்தியல் அடியை நீங்களும் எண்ணுங்கள். ஆபீஸில் உட்கார்ந்தபடியே எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள்.