யானைச் சாணி அள்ள வந்த அன்பர்

சாணி அள்ளிக் கூலி வாங்குகிறவர்களை நாம் அறிவோம். கூலி இல்லாமல் அள்ளுகிற வீட்டுப் பெண்களையும் அறிவோம். பணம் கட்டிச் சாணி அள்ளுகிறவரைப் பார்க்க வேண்டுமென்றால் கேகாலைப் பக்கம் வரவேண்டும். கொழும்பு - கண்டி வீதியிலிருந்து ரம்புக்கனைக்குத் திரும்பும் பாதையில் பின்னவல இருக்கிறது. அங்கே 25 ஏக்கர் தென்னந்தோட்டமொன்றில், தாயை இழந்த ஐந்து யானைக் குட்டிகளோடு, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் 1975-இல் ஒரு யானை அநாதை இல்லத்தைத் தொடங்கியது. 1978-இல் அது தேசிய மிருகக்காட்சிசாலைகள் திணைக்களத்தின் கைக்கு மாறியது. யானை வந்த இடத்துக்குச் சுற்றுலாப் பயணி வந்தார். பயணி வந்த இடத்துக்குக் கடையும் விடுதியும் தனியார் யானை முகாமும் வந்தன. எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தவர்தான் நம் கதாநாயகர். அவருக்கு அன்பர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பயணி யானையைப் பார்க்க வருகிறார். அன்பர் யானைக்கு உதவ வருகிறார். ஒரே வேறுபாடு, அன்பருக்கு இரண்டு வாரத் தங்கும் செலவும் சேர்ந்துகொள்கிறது.

அன்பரை அடையாளம் காண்பது எளிது. யானைப் படம் அச்சிட்ட தொளதொளக் காற்சட்டை, தோளில் தண்ணீர்ப் போத்தல், மனிதகுலத்தின் பாவங்களுக்கெல்லாம் தாமே மன்னிப்புக் கேட்க வந்தது போன்ற முகம். அவர் வெள்ளைக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கம்பனியின் பெயரை முதுகில் அச்சிட்ட ரீ-சேர்ட்டோடு சனிக்கிழமை காலை நாய்கள் காப்பகத்தில் வந்து இறங்கும் கொழும்பு அலுவலகத்தாரும் அன்பர்களே. அவர்கள் கொண்டுவரும் பதாகை நாய்க் கூண்டைவிட அகலமாக இருக்கும். வெளிநாட்டுப் படிப்பு விண்ணப்பத்துக்கு ஒரு சான்றிதழ் குறைகிறதே என்று பூனைக்குட்டிக்குப் பால் புகட்ட வரும் பிள்ளையும் அந்தக் குலம்தான். நாடும் மொழியும் வேறாகலாம், கேட்கிற முதல் கேள்வி மாறாது: "தொட்டுப் பார்க்கலாமா?" இரண்டாவது கேள்வி, "ஒரு படம் எடுக்கலாமா?" மூன்றாவது கேள்வி கேட்கிறவர் குறைவு, கேட்டால் அது கை கழுவும் இடத்தைப் பற்றியதாக இருக்கும்.

அவருடைய வேலைநாளையும் பார்த்துவிடலாம். காலை ஏழு மணிக்கு எழுந்ததைத் தியாகக் கணக்கில் அவர் எழுதிக்கொள்கிறார். அந்நேரத்துக்கு ருவன்வெல்லை, எட்டியாந்தோட்டை, தெரணியகலைத் தோட்டங்களில் இறப்பர்ப் பால் வெட்டப் போனவர்கள் பல மரங்களை முடித்திருப்பார்கள்; இறக்குவானை, பலாங்கொடைப் பக்கம் பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு முடிந்து கொழுந்துக்கு ஆள் ஏறிக்கொண்டிருக்கும். அன்பர் கொட்டிலில் முதல் நாள் அரை மணி நேரம் சாணி அள்ளுகிறார். இரண்டாம் நாள் கால் மணி நேரம். மூன்றாம் நாள் முதுகுவலி. பிறகு ஆற்றங்கரை. தேங்காய் மட்டையை எடுத்து யானையின் முதுகைத் தேய்க்கிறார். பாகனின் அதட்டலுக்குப் படுத்த யானை, தம் பாசத்துக்குக் கட்டுப்பட்டுப் படுத்திருப்பதாக நம்புகிறார். பாகன் கையிலுள்ள அங்குசம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்கிறார். யானைச் சாணியிலிருந்து கடதாசி செய்து விற்கும் தொழிலும் கேகாலையில் உண்டு. ஊர் திரும்புமுன் அன்பர் அந்தக் கடதாசியில் செய்த குறிப்புப் புத்தகம் ஒன்றை வாங்கி, சாணி அள்ளிய அனுபவத்தை அதிலேயே எழுதிவைக்கிறார். ஒரே சாணிக்கு இரண்டு முறை பணம் கொடுத்தவர் என்ற பெருமை அவரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைக் கேட்டால், இந்த வேலைக்கு அரைநாள் கூலிக்கான அரைப் பேர்கூடப் போடமாட்டார்.

சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டு யானையின் பக்கக் கணக்கைப் பார்க்கலாம். வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 150 கிலோ அளவில் தின்கிறது. நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் குடிக்கிறது. அதற்குக் கித்துளும் பலாக் கிளையும் தென்னோலையும் வெட்டி லொறியில் ஏற்றி இறக்குகிறவர் அன்பர் அல்லர். நோய் கண்ட யானையோடு இரவு விழித்திருப்பவரும், மதம் பிடித்த களிற்றின் மனநிலையைக் கண் பார்த்துச் சொல்பவரும் அவர் அல்லர். அவர் வராத மாதங்களிலும் இந்த வேலைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அப்படியானால் அவரால் யானைக்குக் கிடைத்தது என்ன? இரண்டு வாரத்துக்கொரு புதிய கை. யானைக்கு நினைவாற்றல் அதிகம் என்று வாய் ஓயாமல் சொல்கிறோம். ஆண்டு முழுக்க ஆள் மாறி ஆள் வந்து கட்டிப்பிடித்து, கண் கலங்கி, விமானம் ஏறிவிட்டால், அந்த நினைவாற்றலை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும் என்று கேட்பதில்லை. ஆகவே விலங்குத் தொண்டின் தரத்தை, தொண்டர் விலங்கை எவ்வளவு நெருங்கினார் என்று பார்த்து அளக்கக் கூடாது. அவருடைய உழைப்பால் அந்த விலங்குக்கு மனிதரின் தயவு எவ்வளவு தேவையற்றுப் போனது என்று பார்த்து அளக்கவேண்டும்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போகவேண்டாம். சபரகமுவவும் ஊவாவும் பங்கிட்டுக்கொள்ளும் உடவளவ தேசியப் பூங்காவை ஒட்டி, வனசீவராசிகள் திணைக்களம் 1995 முதல் யானைக் குட்டிகளுக்கான தற்காலிகத் தங்கல் நிலையமொன்றை நடத்துகிறது. கிணற்றிலும் குழியிலும் விழுந்தவை, கூட்டத்தைப் பிரிந்தவை, துப்பாக்கிக்குத் தாயைப் பறிகொடுத்தவை அங்கே வந்து சேர்கின்றன. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். புனலும் குழாயும் வைத்து ஊழியர் பால் ஊற்றுவதை, பொதுமக்கள் தள்ளி அமைந்த மேடையில் நின்று பார்க்கலாம். தொட முடியாது, குளிப்பாட்ட முடியாது, முதுகில் ஏறும் பேச்சே இல்லை. பால் குடித்த குட்டி, மேடையில் நிற்பவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூடப் பாராமல் புதருக்குள் போய்விடுகிறது. வளர்ந்ததும் சேர்ந்து பழகிய குட்டிகளைக் கூட்டாகக் காட்டில் விடுகிறார்கள். 1998 முதல் இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்டவை காடு திரும்பியிருக்கின்றன. அன்பருக்கு இதைவிடச் சலிப்பான இடம் உலகத்தில் இருக்க முடியாது. பின்னவலயோ வேறு வழியில் வளர்ந்தது. 1982-இல் இனப்பெருக்கத் திட்டம் தொடங்கியது; 1984-இல் முதல் குட்டி பிறந்தது; 2021 ஓகஸ்டில் சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டிகளை ஈன்றது, இலங்கையில் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த அதிசயமாகச் செய்தியானது. அநாதை இல்லமொன்றில் அம்மாவும் அப்பாவும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் பெருகுவதை வேறு எங்கே காண முடியும்? இரண்டு இடங்களும் ஒரே துயரத்திலிருந்து பிறந்தவை. ஒன்றிலிருந்து யானை வெளியே போகிறது. மற்றதற்குள் மனிதர் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

அன்பரின் தரப்பில் சொல்ல நியாயங்கள் இல்லாமல் இல்லை. முதலாவது பணம். அவர் கட்டும் கட்டணம் இல்லாவிட்டால் இத்தனை யானைக்கும் தீனி எங்கிருந்து வரும்? கேள்வி சரியானதே. ஆனால் 2020 மார்ச்சில் விமான நிலையம் மூடப்பட்டபோதும், 2022-இல் எரிபொருளுக்காக ஊரே வரிசையில் நின்றபோதும் அன்பர் வரவில்லை. யானையின் பசி மட்டும் வழக்கம்போல் காலையிலேயே வந்துவிட்டது. விருந்தாளியின் பணப்பையில் உலை வைக்கும் வீட்டில், விருந்தாளி வராத நாள் பட்டினிதான். தவிர, கொடுப்பதற்குக் கை போதும்; கட்டிப்பிடிக்கத் தேவையில்லை. குட்டியொன்றின் பால் செலவை ஏற்றுக்கொள்ளும் வளர்ப்புப் பெற்றோர் திட்டம் உடவளவயில் உண்டு. அதற்குப் பணம் கொடுத்தவரை அந்தக் குட்டி அறியாது. கொடுத்தவர் அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளாவிட்டால் அவர் அன்பர் வகையைக் கடந்துவிட்டார் என்று பொருள்.

இரண்டாவது நியாயம் இன்னும் கனமானது. தொட்டுப் பழகினால்தானே பாசம் வரும், பாசம் வந்தால்தானே காப்பாற்றத் தோன்றும் என்கிறார்கள். தொட்டால் காப்பாற்றுவோம் என்பது உண்மையானால், உலகிலேயே பாதுகாப்பான யானை இலங்கை யானையாகத்தான் இருக்கவேண்டும். பெரஹரா ஊர்வலத்தில் அதற்கு ஆடை அணிவித்து விளக்கொளியில் அழைத்துப் போகிறோம். பயம் தெளியவேண்டுமென்று பிள்ளையை அதன் வயிற்றுக்கு அடியில் நுழைத்து எடுக்கும் வழக்கமும் இந்த நாட்டில் இருக்கிறது. அதே நாட்டில் 2023-இல் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட காட்டு யானைகள் செத்தன. துப்பாக்கி, கள்ள மின்கம்பி, பழத்துக்குள் மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடி, ரயில் என்று காரணங்கள் நீள்கின்றன. யானையால் உயிரிழந்த மனிதரும் அந்த ஆண்டில் நூற்றைம்பதைத் தாண்டினர். பாசத்துக்கு இங்கே ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. பயிர் விளையும் காலத்தில் இரவு முழுக்க நிற்கும் நல்ல வேலிக்கும், அதைப் பழுதுபார்க்கும் ஆளுக்கும்தான் பஞ்சம்.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: எல்லா விலங்கும் காட்டுக்குத் திரும்ப முடியுமா? முடியாது. கண்ணிவெடியில் காலை இழந்து பின்னவலவுக்கு வந்த சமா போன்ற யானையைக் காட்டில் விடுவது கொலைக்குச் சமம். அத்தகைய விலங்குக்கு மனிதக் கை வேண்டும். ஆனால் பத்து ஆண்டுகள் மாறாத ஒரே கையாக வேண்டும். அன்பரிடம் இல்லாத ஒரே பொருள் அதுதான். நாயின் கதையும் வேறு. மனிதனை அண்டியே வாழ்ந்த பிராணி அது. காப்பகத்து நாயோடு பேச, நடக்க, பயம் தெளிவிக்க ஆள் தேவை. அங்கேயும் அளவுகோல் மாறவில்லை. கொழுத்த அழகிய குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவரைவிட, கூண்டின் மூலையில் ஒடுங்கிய சொறிநாயை வாராவாரம் அதே நேரத்தில் வந்து நடத்திக்கொண்டு போய், கடைசியில் ஒரு வீட்டுக்கு அனுப்பிவைக்கிறவரே தொண்டர். அந்த நாயை அவர் மறுபடி பார்க்காமல் போனால் வேலை முடிந்தது என்று அர்த்தம். சென்னையில் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1960-களிலேயே தெருநாய்களுக்குக் கருத்தடைச் சிகிச்சை செய்யும் வழிக்குத் திரும்பியது. நாயைப் பிடிப்பது, வெட்டித் தைப்பது, பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விடுவது எதுவும் படத்துக்கு அழகான வேலை அல்ல. ஆனால் அதே வழி 2001-இல் இந்திய அரசின் விதியாகவே வந்துவிட்டது. இலங்கையும் 2006-இல் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தி, தடுப்பூசியையும் கருத்தடையையும் கையில் எடுத்தது. 1973-இல் விசர்நாய்க்கடியால் இந்த நாட்டில் செத்தவர்கள் முந்நூறுக்கும் மேல். அண்மை ஆண்டுகளில் அது முப்பதளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கியிருக்கிறது. நாயையும் மனிதரையும் சேர்த்துக் காப்பாற்றியது கொஞ்சலல்ல, ஊசி.

இனி, தோட்டத்து மக்களிடம் இதையெல்லாம் பேசுவது வீண் என்று ஒருவர் நினைக்கலாம். நாள் சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடுகிறவர்களுக்கு நாயும் சிறுத்தையும் எதற்கு? எதற்கென்றால், கடிபடுகிறவர்கள் அவர்கள்தான். லயத்து நாய் ஒருவருக்குச் சொந்தமில்லை, எல்லாக் காம்பராவிலும் அதற்குப் பங்கு உண்டு. மிஞ்சிய சோற்றை அதற்கென்று எடுத்துவைக்கும் பாட்டியை யாரும் தொண்டர் என்று அழைத்ததில்லை. அவர் சான்றிதழும் கேட்டதில்லை. ஆனால் தடுப்பூசி போடச் சுகாதாரப் பகுதியினர் வரும் நாளில், வருடம் முழுக்க எல்லோர் காலையும் சுற்றிய அந்த நாய் மட்டும் மலைக்கு மேலே ஏறிவிடுகிறது. அன்றைக்கு அதைப் பிடித்துக் கொடுக்கும் கைதான் ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் கை. காட்டுப்பன்றிக்கென்று தேயிலைக்குள்ளும் ஓடையோரத்திலும் கட்டும் கம்பிச் சுருக்கும் அப்படித்தான். பன்றிக்கு வைத்தது சிறுத்தைக்கு விழுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அப்படிச் சிக்கி, சிகிச்சைக்காக உடவளவ வரை கொண்டுவரப்பட்டும் பிழைக்கவில்லை. மருத்துவரும் மருந்தும் வாகனமும் செய்ய முடியாததை, முதல் நாள் அந்தக் கம்பியைக் கண்டு சொல்லிய ஒருவர் செய்திருக்க முடியும்.

ஆகவே விலங்குக் காப்பகத்தில் தொண்டராகச் சேர விரும்புகிறவர்கள் தாராளமாகச் சேரட்டும். போன முதல் நாளே, எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று கேட்டு, அதையே ஆறு மாதம் செய்யட்டும். அவ்வளவு தூரம் போக வசதியில்லாதவர்கள் லயத்து நாய்க்கு ஊசி போடும் நாளில் அதைப் பிடித்துக் கொடுங்கள். கம்பிச் சுருக்கைக் கண்டால் வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அன்றே சொல்லுங்கள். இவற்றுக்குக் கட்டணமும் இல்லை, காற்சட்டையும் வாங்க வேண்டியதில்லை.