மஞ்சள் விளக்கும் மாற்றல் உத்தரவும்

காரின் முகப்புப் பலகையில் எரியும் மஞ்சள் விளக்கைப் பொறியியல் நூல்கள் 'பழுது உணர்த்தும் விளக்கு' என்று குறிப்பிட, திருநெல்வேலியில் அது 'செக் லைட்டு' என்ற பெயரிலேயே வழங்குகிறது. எஞ்சினின் பக்கத் தோற்றத்தைச் சுருக்கி வரைந்த அந்தச் சின்னம் சிலர் கண்ணுக்குத் தண்ணீர் மோட்டாராகவும் சிலர் கண்ணுக்கு ஹெலிகாப்டராகவும் தெரிவதால், அது எதைச் சரிபார்க்கச் சொல்கிறது என்பது தொடக்கத்திலேயே கருத்து வேறுபாட்டுக்கு இடமளிக்கிறது. விளக்கு எரிந்த அன்றே வண்டி நின்றுவிடுவதுமில்லை. பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போய்த் திரும்புகிறது, மறுநாளும் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி குறை சொல்வதை நம்புவதற்கு உரிமையாளரின் மனம் எளிதில் இசையாது ஆதலால், இவ்விளக்கைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் வண்டியை விற்க முடிவுசெய்த வாரத்தில்தான் தொடங்குகிறது.

அந்த ஆராய்ச்சிக்குரிய கருவியே கோடு ரீடர். ஒர்க்ஷாப்புகளில் இதற்கு 'ஸ்கேனர்' என்று பெயர். ஸ்டீயரிங்குக்குக் கீழே, மேற்புறம் அகன்றும் கீழ்ப்புறம் குறுகியும் உள்ள, பதினாறு துளை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். கனடாவில் வடிவமைக்கப்பட்ட ஈ.எல்.எம். 327 என்ற சில்லையும் அதைப் பார்த்துப் போலச்செய்த சில்லுகளையும் தாங்கிய, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டியை அதில் செருகி, புளூடூத் வழியே கைபேசியோடு இணைத்தால், எஞ்சினின் கணினி தன் மனக்குறையைச் சொல்லத் தொடங்கும். அந்தச் சாக்கெட்டைக் கண்டுபிடிப்பதற்கு உரிமையாளர் கதவைத் திறந்து, தரையில் முழங்காலிட்டு, கைபேசியின் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தைப் பிரேக் பெடலுக்கு அடியில் நுழைத்து மேல்நோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இணைப்புக்குக் கடவுச்சொல் கேட்கப்படும் தருணத்தில் அந்தக் கைபேசி அவருடைய வாயில் இருக்கிறது. கடவுச்சொல் பெரும்பாலும் 1234. அதுவும் ஒத்துவராதபோது நான்கு சுழியம்.

இந்த ஏற்பாட்டின் மூலத்தைத் தேடினால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் புகைமூட்டத்தில் போய் நிற்க நேரும். வண்டி தன் புகையைத் தானே கண்காணிக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் 1980களின் இறுதியில் விதி செய்ய, 1996ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும் ஒரே வடிவச் சாக்கெட்டும் ஒரே குறியீட்டு மொழியும் கட்டாயமாயின. இந்தியாவில் இது பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010 ஏப்ரலில் முதற்கட்டமாகவும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் நடைமுறைக்கு வந்தது. வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் ஒருவர் முகத்தில் மஞ்சள் ஒளி விழுவதற்கு, கடல் கடந்த ஓர் ஊரில் என்றோ ஒருவர் கண் எரிந்தது காரணம் என்பது கர்மவினைக் கோட்பாட்டுக்கு முற்றிலும் உடன்பட்டதே.

கணினி சொல்லும் குறை ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட குறியீடாக வருகிறது. 'பி' என்றால் எஞ்சின், கியர் வகை. 'பாடி'க்கும் 'சேஸிஸு'க்கும் தனித்தனி எழுத்து உண்டு. 'யு' என்றால் கணினிகள் தமக்குள் பேச்சுவார்த்தை முறிந்து கிடக்கின்றன என்று பொருள். அடுத்த இலக்கம் சுழியமாயின் உலகப் பொதுவான குறியீடு, ஒன்றாயின் பெரும்பாலும் நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்டது. அதற்கடுத்த இலக்கம் காற்றா, பெட்ரோலா, தீப்பொறியா என்று துறையைச் சுட்ட, எஞ்சிய இரண்டும் குறிப்பிட்ட குறையைச் சுட்டுகின்றன. சுருங்கச் சொன்னால் இது ஒரு மனு எண். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமைதோறும் மனுவோடு வருவோர் எவரும், மனு எண் கிடைத்ததையே தீர்ப்புக் கிடைத்ததாக எண்ணி ஊர் திரும்புவதில்லை. மனுவில் இருப்பது கொடுத்தவர் பெயரும் அவர் பட்ட துன்பமும்தான், குற்றவாளி யார் என்பது விசாரணைக்குப் பிறகே தெரியும் என்பதை அவர்கள் அறிவர். காரின் உரிமையாளர் மட்டும் இதை மறந்துவிடுகிறார். மனுவில் எந்த சென்சாரின் பெயர் இருக்கிறதோ அந்த சென்சாரையே கழற்றி எறிகிறார். சில அலுவலகங்களில் முறைகேட்டைச் சுட்டிக்காட்டிய எழுத்தருக்கு மறுநாளே மாற்றல் உத்தரவு வருவதைப் போன்றது இது.

பி 0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். பெட்ரோல் எஞ்சினில் எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் சேர்வது சரியான கலவை. புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து, மிஞ்சியிருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று கணினிக்குத் தெரிவிக்கிறது. கணினி கூடுதலாகப் பெட்ரோல் விட்டுப் பார்க்கிறது. 'ஃபியூவல் ட்ரிம்' என்று சொல்லப்படும் இந்தத் திருத்தம் ஏறத்தாழ 25 சதவீதத்தை எட்டியும் குறை தீராதபோது, இனி தன்னால் ஆகாது என்று பி 0171 எழுதி விளக்கை ஏற்றிவிடுகிறது. ஸ்கேனரின் திரையில் இதைக் கண்ட மாத்திரத்தில் "அண்ணாச்சி, சென்சார் போயிட்டு" என்ற முடிவு அறிவிக்கப்படும். (இங்கே 'போயிட்டு' என்பதை வினையெச்சமாகக் கொண்டு, போய்விட்டு எப்போது திரும்பிவரும் என்று வெளியூர்க்காரர் காத்திருக்க வேண்டாம், நெல்லை வழக்கில் அது வினைமுற்று, திரும்பிவருதல் என்ற பொருள் அதில் இல்லை.) சில ஆயிரம் ரூபாய்க்குப் புதிய சென்சார் வாங்கிப் பொருத்தியபின் விளக்கு அணைந்து, மூன்றாம் நாள் சேரன்மகாதேவி தாண்டும்போது மீண்டும் எரியும். மறுவீட்டு விருந்தில் சொதி நீர்த்திருக்கிறது என்று சொன்ன விருந்தாளியை எழுப்பிவிட்டு அதே இலையில் வேறொருவரை உட்காரவைத்தால், உட்கார்ந்தவர் நாணயமானவராக இருக்கும் பட்சத்தில் அவரும் அதையேதான் சொல்வார்.

உண்மையான குற்றவாளி பெரும்பாலும், எஞ்சினுக்குக் காற்று செல்லும் பாதையோடு இணைந்த, விரல் பருமனுள்ள ஒரு ரப்பர் குழாயில் விழுந்த வெடிப்பாக இருக்கும். கணக்கில் வராத காற்றை அது இரகசியமாக உள்ளே விடுகிறது. இதைக் கண்டுபிடிக்கும் வழியும் அதே ஸ்கேனரில் இருக்கிறது, ஆனால் 'லைவ் டேட்டா' எனப்படும், ஓடும் எஞ்சினின் அளவுகளைக் கணந்தோறும் காட்டும் அந்தப் பக்கத்தை எவரும் திறப்பதில்லை. வண்டி நின்ற இடத்தில் உறுமும்போது திருத்தம் 28 சதவீதமாக இருந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சுழற்சியை நிமிடத்துக்கு 2,500 ஆக்கியதும் 6 சதவீதமாக இறங்கினால், காற்றுக் கசிவு என்று ஊகிக்கலாம்: கோடையில் தாமிரபரணி இளைத்து ஓடும்போது கால்வாய் மடையில் ஏற்படும் சிறு கசிவு பெரிதாகத் தெரிவதும், ஐப்பசி வெள்ளத்தில் அதே கசிவு இருக்கும் இடமே தெரியாமற் போவதும் எந்தக் கணக்கின்படியோ அதே கணக்கு இது. மாறாக, மிதிக்க மிதிக்கத் திருத்தம் ஏறினால் பெட்ரோல் பம்போ ஃபில்டரோ தளர்ந்திருக்கலாம்.

ஸ்கேனர் வருவதற்கு முன் மெக்கானிக்குகள் நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பிரித்தறியக் கற்பதற்கும் அதற்கும் தொலைவு அதிகமில்லை. லைவ் டேட்டா என்பதும் ஒரு நாடிதான். எண்களாகத் துடிக்கிறது என்பதே வேறுபாடு. நாடி பார்க்கப் பொறுமை வேண்டும், நோயின் பெயரைப் படிக்க எழுத்தறிவு போதும் என்பதால், கருவி பெருகிய வேகத்தில் நோயறிதல் பெருகவில்லை.

எனினும் மாற்றல் உத்தரவு முறையாகப் பயன்படும் ஓர் இடமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பி 0302 என்பது இரண்டாம் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அதாவது 'மிஸ்ஃபயர்', என்று பொருள்படும். சிலிண்டருக்கு ஒன்றாகத் தீப்பொறிக் காயில் உள்ள வண்டியில், இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டி, ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு பி 0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. போன இடத்திலும் அவர் அதையே செய்கிறார். குறியீடு மாறாமல் பழைய இடத்திலேயே நின்றால், அந்த இடத்தில், பிளக்கிலோ இன்ஜெக்டரிலோ வால்விலோ, வேறு சங்கதி இருக்கிறது. ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையைப் பணியாளர் நிர்வாகத் துறைகளும் கவனிக்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாகி, ஆறு தன் கரைகளை விட்டு நெல்லைச் சந்திப்பு வட்டாரத்துத் தெருக்களுக்குள் வந்தபோது, கார்களின் வயரிங்குக்குள்ளும் வந்தது. நீரில் நின்ற வண்டியில் ஸ்கேனரைச் செருகினால் ஒன்றோ இரண்டோ அல்ல, பத்துப் பதினைந்து குறியீடுகள் வரிசைகட்டி வரும். யு 0100, அதாவது எஞ்சின் கணினியோடு தொடர்பு அற்றுப்போயிற்று என்பதும் அவற்றுள் ஒன்றாக இருக்கும். பதினைந்து சென்சார்களும் ஒரே இரவில் கெட்டன என்று விலைப்பட்டியல் போடுவோர் உண்டு. மனுக்களைப் புரட்டிப் பார்க்கும் அனுபவசாலி, எல்லாம் ஒரே கையெழுத்தில் இருப்பதைக் கண்டு, எழுதிக்கொடுத்தவரைத் தேடிப் போவார். அவர் பாடியோடு திருகப்பட்ட ஒற்றை எர்த் வயரில், பச்சைக் களிம்பேறிய ஒரு போல்ட்டின் அடியில் இருப்பார். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் மனுதாரர்களில் பன்னிரண்டு பேர் திரும்பப் பெற்றுக்கொள்வதும் உண்டு.

பிசான அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும் காலத்தில், கல்லிடைக்குறிச்சி வட்டாரத்து எலிகளுக்கு, இரவில் சூடாறாத எஞ்சின் ஒரு சத்திரமாகிறது. கிராங்க் சென்சாரின் வயரை அவை கடித்துவைத்தால் பி 0335 வரும். சுற்று அறுந்திருக்கிறது என்பது வரை கணினிக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஆயிரக்கணக்கான குறியீடுகளை வகுத்த பொறியாளர்கள் எலிக்கென்று ஓர் எண் ஒதுக்கவில்லை.

குறியீட்டை அழிக்கும் பொத்தான் ஒன்றும் ஸ்கேனரில் உண்டு, மிக அதிகமாகத் தேய்வதும் அதுதான். பழுது நேர்ந்த கணத்தில் வேகம், வெப்பம், சுழற்சி எவ்வளவு என்று கணினி எழுதிவைத்த குறிப்பும் குறியீட்டோடு சேர்ந்து அழிந்துவிடுவதால், துப்பறிய வந்தவர் முதல் வேலையாகத் தடயத்தைக் கழுவிவிட்டதாக ஆகிறது. தொடர்ந்து மூன்று பயணங்களில் அதே பழுது தென்படாவிட்டால் கணினி தானாகவே விளக்கை அணைத்துவிடும் என்பதும் விதி. அந்த மூன்று பயணங்களுள் ஒன்றில் சந்திப் பிள்ளையாருக்கு ஒரு விடலை போடப்பட்டிருந்தால் பெருமை தேங்காய்க்குச் சேரும். ஸ்கேனர் வாங்கிய செலவை வீட்டில் கேள்வி கேட்பார்கள்.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்தச் சாக்கெட்டின் பதினாறாவது துளையில், சாவியை எடுத்துவிட்ட பிறகும் பேட்டரியின் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இது தெரியாமல் ஸ்கேனரை அப்படியே விட்டுவிட்டு, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை முன்னிட்டு, ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வண்டியைப் பத்து நாள் நிறுத்தியிருப்பவர், தேர் நிலைக்கு வந்த மறுநாள் சாவியைத் திருகினால் 'டக்' என்ற ஓர் ஒலி மட்டுமே எழும். ஏன் என்று கேட்டறியக் கைபேசியை எடுப்பார். பதில் சொல்ல வேண்டிய ஸ்கேனரிலும் மின்சாரம் இராது. முந்தைய நாள்வரை வடம் பிடித்த கைகள் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருக்க, "எலே, ரெண்டு பேரு பின்னால வாங்கல" என்ற குரலுக்கு ஐந்து பேர் வந்து தோள் கொடுப்பார்கள். வண்டி அசைந்து ரத வீதியில் இறங்கும்போது, ஒளியிழந்த அந்தச் சிறு பெட்டி, உரிமையாளரின் முழங்காலை இடித்துக்கொண்டே உடன் போகும்.