புகை பிடிக்கும் வேலை

மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடமாக டிசைன் பிரிவில் இருக்கிறேன். மாசு குறைந்த இன்ஜின் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. “எல்லாம் எலெக்ட்ரிக் ஆகப்போகுது, இப்போ போய் இன்ஜினா?” என்கிறார் மாமா. (ஓசூர் வாசகர்)

மாமா எந்த வண்டியில் வந்து இறங்கிச் சொன்னார்? லாரி, டிராக்டர், ஜெனரேட்டர், கப்பல் எல்லாம் பேட்டரிக்கு மாறும்வரை புகை வரத்தான் செய்யும். அதைக் குறைக்க ஆள் வேண்டும். போங்கள்.

டீசலை முழுசாக எரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? (கரூர் வாசகி)

அங்கேதான் வில்லங்கம். நல்ல சூட்டில் எரித்தால் கரி குறையும்; அதே சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜனோடு சேர்ந்து நச்சு ஆக்சைடாகும். புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டுச் சூட்டைத் தணித்தால் ஆக்சைடு அடங்கும், கரி கிளம்பும். மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் சிரித்தால்தான் உண்டு! 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபின் கரிக்கு ஃபில்டர், ஆக்சைடுக்கு யூரியாக் கரைசல் என்று பல லாரிகளின் சைலன்சர் பக்கம் ஒரு கெமிஸ்ட்ரி லேபே தொங்குகிறது.

ஹைட்ரஜன் இன்ஜினில் வெறும் தண்ணீர்தானே வரும்? (திருச்சி வாசகர்)

உள்ளே போகும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதை யார் வெளியே நிற்கச் சொன்னது?

ஜூனியர் இன்ஜினியரால் என்ன கிழித்துவிட முடியும்? (கோவை வாசகர்)

ஃபோக்ஸ்வாகனைக் கேளுங்கள். 2013-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இரண்டு இந்தியர், ஒரு சுவிஸ்காரர் என இளம் ஆராய்ச்சியாளர்கள் மூவர், டீசல் கார்களின் டிக்கியில் அளவுக்கருவியை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டினார்கள். மோசடியைத் தேடியல்ல, டீசல் எவ்வளவு சுத்தம் என்று பார்க்கத்தான். லேபில் சமர்த்தாக இருந்த ஒரு ஃபோக்ஸ்வாகன் கார், சாலையில் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு ஆக்சைடு கக்கியது. சோதனையை மோப்பம் பிடித்து நடிக்கும் மென்பொருள் உள்ளே இருந்தது என்பது 2015-ல் அம்பலமானது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்கள். நிறுவனத் தலைவர் ராஜினாமா செய்தார். இந்த ஆய்வுக்குக் கிடைத்த நிதி, ஒரு லட்சம் டாலர்கூட இல்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? (மீண்டும் ஓசூர் வாசகர்)

மாமாவைச் சமாளித்துவிட்டீர்களா? கேட் (GATE) தேர்வு எழுதுங்கள். ஐஐடி மெட்ராஸில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி வழி எம்.எஸ். படிக்கலாம். அதற்குள் ஹேவுட் எழுதிய இன்ஜின் புத்தகத்தை முடியுங்கள். தலையணை அளவு இருக்கும், தலைக்கு வைத்துவிடாதீர்கள். சிமுலேஷன் தெரிந்தவர்கள் நிறைய. டெஸ்ட் பெட்டில் நின்று புகையை அளந்தவர்கள் குறைவு. நேர்முகத்தில் பூமித்தாய் பற்றி உருகாமல், எதை அளந்தீர்கள் என்று சொல்லுங்கள்.