பொத்தானுக்குப் பாவமன்னிப்பு

இணையத்தைக் கட்டியவர்கள் அதற்காக வருத்தம் தெரிவிப்பது இப்போது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இழுக்க இழுக்க முடிவில்லாமல் நீளும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் வருந்துகிறார். ஃபேஸ்புக்கின் லைக் பொத்தானை உருவாக்கிய குழுவில் இருந்த ஜஸ்டின் ரோசன்ஸ்டைன் வருந்துகிறார். வருந்தியதோடு நிற்கவில்லை, தன் ஐபோனில் தானே புதிய செயலி எதையும் இறக்கிக்கொள்ள முடியாதபடி, பிள்ளைகளுக்காக உள்ள பெற்றோர் கட்டுப்பாட்டை உதவியாளரை விட்டுப் போட்டுக்கொண்டார் என்று 2017இல் கார்டியன் நாளிதழ் எழுதியது. விரலால் கீழே இழுத்துவிட்டால் புதுச் செய்தி வந்து விழும் வித்தையைக் கண்டுபிடித்த லோரன் பிரிக்டரும் அந்தக் கட்டுரையில் வருந்தினார். ட்விட்டரின் ரீட்வீட் பொத்தானைச் செய்த குழுவின் தலைவர் கிறிஸ் வெதரல், நாலு வயதுப் பிள்ளையின் கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டோமோ என்று 2019இல் கேட்டார். துப்பாக்கி யாருடையது என்பது தெரிகிறது. அந்த நாலு வயதுப் பிள்ளை யார் என்று பார்த்தால், நாம்தான். மன்னிப்புக் கேட்கிற வாக்கியத்திலேயே எதிரில் இருப்பவரின் மூக்கை உடைப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

இவர்கள் நடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மனம் உறுத்தியிருக்கும், தூக்கம் கெட்டிருக்கும். வருத்தம் நிஜம்தான், எதற்காக வருந்துகிறார்கள் என்பதில்தான் எனக்குத் தகராறு. ஓட்டலில் சாப்பிட்ட ஊருக்கே வயிறு கெட்டுப்போயிருக்கும்போது, கரண்டி செய்து கொடுத்தவர் ஓடி வந்து, கரண்டியின் குழிவில் ஏதோ பிசகிவிட்டது என்று கண்கலங்கினால் எப்படி இருக்கும்? கல்லாவில் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். எல்லோருடைய கோபமும் கரண்டியின் மேல் இருக்கும்வரை அவருக்கு நிம்மதி. போதாக்குறைக்கு, இந்த வருத்தத்துக்குள் கொஞ்சம் தற்பெருமையும் ஒளிந்திருக்கிறது. உலகத்தைக் கெடுத்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், கெடுக்கிற அளவுக்கு நான் பெரியவன் என்பதும் அதில் அடக்கம். தன் கண்டுபிடிப்பால் நாளொன்றுக்கு இரண்டு லட்சம் மனித ஆயுட்காலம் வீணாகிறது என்று ராஸ்கின் கணக்குப் போட்டார். பாவத்தைச் சொல்லும்போதும் அதை வளர்ச்சிப் புள்ளிவிவரமாகச் சொல்வது சிலிக்கான் பள்ளத்தாக்கின் பழக்கதோஷம்.

பொத்தான்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அவை பரம சாதுக்கள். ஃபிரண்ட்ஃபீட் என்ற சின்ன நிறுவனம் 2007லேயே லைக் பொத்தானை வைத்திருந்தது. அதனால் எந்த நாட்டுத் தேர்தலும் குலைந்ததாக யாரும் புகார் சொல்லவில்லை. ஃபேஸ்புக் 2009 பிப்ரவரியில் தன் லைக்கைக் கொண்டுவந்தது. ஆகஸ்ட்டில் ஃபிரண்ட்ஃபீடையே விலைக்கு வாங்கிவிட்டது. ரீட்வீட்டுக்குப் பொத்தான் வருவதற்கு முன்பே ஜனங்கள் 'ஆர்டி' என்று கையால் தட்டி அடுத்தவர் சொன்னதைப் பரப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். வம்பு பரப்புவதற்கு மனிதனுக்கு எந்தக் காலத்திலும் பொறியாளர் தேவைப்பட்டதில்லை. மாற்றம் வந்தது, அந்தத் தட்டல்களை எண்ணி, எண்ணியதை வைத்து அடுத்து எதைக் காட்டுவது என்று முடிவெடுத்தபோது. 2017இல் ஃபேஸ்புக் தன் கணக்கில் கோபப் பொம்மை உட்பட எல்லா உணர்ச்சிப் பொம்மைகளுக்கும் லைக்கைப்போல ஐந்து மடங்கு எடை கொடுத்தது. உங்கள் சித்தப்பா ஒரு பதிவைப் பார்த்துச் சிடுசிடுத்தால், அது ஐந்து பேர் விரும்பியதற்குச் சமம். பிறகு படிப்படியாகக் குறைத்து, 2020இல்தான் கோபத்தின் எடையைப் பூஜ்யமாக்கினார்கள். இத்தனைக்கும் திரையில் தெரிந்த பொம்மை அதே சிவந்த முகம்தான். மாறியது உள்ளே இருந்த கணக்கு. அந்தக் கணக்கு எதற்கு என்றால், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வருமானம் சுமார் 13,500 கோடி டாலர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் விளம்பரக் காசு. கோபித்துக்கொண்டவரும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

இந்த மன்னிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விகிதம் தட்டுப்படுகிறது: எவ்வளவு குறைவாகச் சம்பாதித்தாரோ அவ்வளவு சுத்தமான மன்னிப்பு. வையவிரிவலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீ, இணைய முகவரியில் வரும் இரண்டு சாய்கோடுகள் அநாவசியம் என்று 2009இல் ஒப்புக்கொண்டார். வலையின் உரிமையை செர்ன் ஆய்வகம் 1993இல் உலகத்துக்கு இலவசமாக எழுதிக் கொடுத்துவிட்டது. அதில் கல்லாவே கிடையாது. அதனால் வருந்துவதற்கு அவருக்குச் சாய்கோடுகள்தான் மிஞ்சின. கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் இருக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற வழிகாட்டுதலை 2003இல் எழுதியவர் பில் பர், அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்து ஊழியர். 2017இல், ஓய்வுபெற்றபின், அதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகச் சொன்னார். ஒரு பைசா லாபமில்லாமல் உலகம் முழுவதையும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்ற வாசலில் நிறுத்தியவர் என்றாலும், செய்த தவறு எதுவோ அதற்கே மன்னிப்புக் கேட்டார். சம்பாதித்தவர்கள் பக்கம் வந்தால் மன்னிப்பு கொஞ்சம் நெளிகிறது. இலங்கையில் பிறந்து, ஃபேஸ்புக்கின் பயனர் எண்ணிக்கையைப் பெருக்கும் பொறுப்பில் இருந்த சமத் பாலிஹபிட்டிய, 2017இல் ஸ்டான்ஃபோர்டில் பேசும்போது பெரும் குற்ற உணர்வு இருப்பதாகச் சொன்னார். அது செய்தியாகிப் பரபரப்பானதும், ஃபேஸ்புக் உலகத்துக்கு நன்மை செய்யும் சக்தி என்றே நம்புவதாகத் திருத்தம் போட்டார். எங்கே போட்டார்? ஃபேஸ்புக்கில்தான்.

அன்று யாருக்குத் தெரியும், நல்லது என்று நினைத்துத்தானே செய்தார்கள் என்று கேட்கலாம். பொத்தான் செய்தவர்களைப் பொறுத்தவரை அது பெருமளவு சரி. கல்லாவைப் பொறுத்தவரை சரியில்லை. விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி தேடுகிறவரை விட்டுவிட்டு விளம்பரதாரர் பக்கம் சாய்ந்துவிடும் என்று 1998இல் ஒரு ஆய்வுக் கட்டுரை தெளிவாக எச்சரித்தது. எழுதியவர்கள் செர்ஜி பிரின், லாரி பேஜ். இரண்டே ஆண்டில், 2000 அக்டோபரில், அவர்கள் தொடங்கிய கூகிள் தன் ஆட்வேர்ட்ஸ் விளம்பரக் கடையைத் திறந்தது. தீர்க்கதரிசிகளே சாபத்தையும் நிறைவேற்றி வைப்பது புராணத்தில்கூட அபூர்வம். ஃபேஸ்புக்கின் முதல் தலைவரான ஷான் பார்க்கர் 2017இல் இன்னும் வெளிப்படையாகப் பேசினார்: மனித மனத்தின் பலவீனத்தைப் பிடித்து இழுக்கிறோம் என்பது தெரிந்தேதான் செய்தோம் என்றார். தெரியாமல் செய்துவிட்டோம் என்ற சமாதானத்தை அவர்களே கைகழுவிய பிறகு நாம் ஏன் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பொத்தானை மாற்றினால் பலன் இருக்கத்தானே செய்கிறது, பிறகு பொத்தானைக் குறை சொல்வதில் என்ன தப்பு? பலன் இருக்கிறது. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டம் உட்பட இந்தியாவின் பல இடங்களில் நிரபராதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த ஜூலையில் வாட்ஸ்அப், ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஒரு தகவலை அனுப்ப முடியாது என்று இங்கே வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய தகவலை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்றது. அத்தகைய தகவல்களின் போக்குவரத்து 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், அமெரிக்கத் தேர்தலை முன்னிட்டு, ரீட்வீட் செய்யப் போனால் 'நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்' என்று ட்விட்டர் ஒரு பெட்டியைக் குறுக்கே நீட்டியது. பகிர்வு 20 சதவீதம் குறைந்தது. டிசம்பரில் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். எழுதியவர்களில் பலர் ஒற்றை வார்த்தைதான் எழுதினார்கள், எதிர்பார்த்த சிந்தனை வரவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். இருக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் அந்த வரம்பு நிலைத்தது, ட்விட்டரில் பெட்டி இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. என் கணிப்பில் காரணம் எளிது: அன்றைக்கு வாட்ஸ்அப்பில் விளம்பரம் இல்லை, பகிர்வு குறைந்தால் யார் கல்லாவும் குறையாது. மருந்து இரண்டு பேரிடமும் இருந்தது. குடித்தால் வருமானம் இளைக்கும் என்ற பயம் ஒருவருக்குத்தான்.

இலவசமாக வேண்டும் என்று கேட்டது நாம்தானே என்று கடைசியாக நம் பக்கம் விரலை நீட்டுவார்கள். ஆனால் அந்த இலவசத்துக்கு விளம்பரத்தை வழியாகத் தேர்ந்தெடுத்தது நாம் அல்ல. பாப்அப் விளம்பரத்துக்கு நிரல் எழுதிய ஈதன் ஜுக்கர்மன் (மார்க் ஜுக்கர்பெர்க் வேறு, குழம்ப வேண்டாம்) 2014இல் அட்லாண்டிக் இதழில் மன்னிப்புக் கேட்டபோது, இந்தக் கூட்டத்தில் ஒருவராவது சரியான இடத்தைத் தொட்டார்: பாப்அப் ஜன்னல் அல்ல, விளம்பரத்தை நம்பி இணையத்தை நடத்தியதே ஆதிப்பாவம் என்றார். கட்டணம் வாங்கினால் ஓடாது என்பதும் சோதித்துப் பார்த்த உண்மை அல்ல. வாட்ஸ்அப் பல நாடுகளில் முதல் ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு டாலர் கேட்டது; கட்டியவர் உண்டு, நாள் கடத்தியவரும் உண்டு; 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கியபோது அதில் 45 கோடிப் பேர் இருந்தார்கள். அந்த டாலரை 2016இல் ரத்து செய்தது வாங்கியவர்தான், நாம் போராட்டம் எதுவும் நடத்தவில்லை.

வாட்ஸ்அப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் 2017இல் விலகினார். இன்னும் கைக்கு வராத சுமார் 85 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை விட்டுவிட்டுப் போனார். பயனர்களின் அந்தரங்கத்தை விற்றுவிட்டேன் என்று ஃபோர்ப்ஸ் இதழிடம் ஒப்புக்கொண்டார், விளம்பரமில்லாத சிக்னல் செயலிக்கு ஐந்து கோடி டாலர் கொடுத்தார். விற்றதில் வந்த கோடிகள் அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தன என்பது உண்மை. இருந்தாலும் வருத்தத்துக்கு ரசீது காட்டக்கூடியவர் அந்த வரிசையில் அவர்தான். விளம்பரமே கூடாது என்று அவரும் அவரோடு சேர்ந்து அதைத் தொடங்கிய ஜான் கூமும் கொள்கையாகச் சொல்லிவந்த வாட்ஸ்அப்பில், 2025 ஜூனில், ஸ்டேட்டஸ் பார்க்கும் பகுதியில் விளம்பரம் வரும் என்று மெட்டா அறிவித்தது. அந்த விளம்பர இடத்தை வடிவமைத்தவரின் பேட்டி இன்னும் வரவில்லை. அவருடைய பங்குகள் கைக்கு வரட்டும்.