அடி வாங்கியவன் பெயருக்கே பில்

ஹிட்லரின் ஜெர்மனியில் யூதர்களை யாரும் சட்டவிரோதமாகத் துன்புறுத்தவில்லை. 1933 ஏப்ரலில் அவர்களின் அரசு வேலையைப் பறித்தது ஒரு சட்டம். 1935 செப்டம்பரில் குடியுரிமையைப் பறித்தது இன்னொரு சட்டம். 45 வயதுக்குட்பட்ட ஜெர்மானியப் பெண் யூதர் வீட்டில் வேலை செய்யக் கூடாது என்பதுவரை உட்கார்ந்து யோசித்து எழுதியிருந்தார்கள். 1938 நவம்பர் 9 ராத்திரி மட்டும் சட்டம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டது. நாஜிகள் வைத்த தீயில் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிந்தன, ஆயிரக்கணக்கான கடைகள் நொறுங்கின, சுமார் 30,000 ஆண்களை முகாம்களுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆனால் மூன்றே நாளில் சட்டம் விழித்துக்கொண்டது. நவம்பர் 12, சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள். பெர்லினில் ஹிட்லரின் அமைச்சர் கோரிங் தலைமையில் கூட்டம். மனிதருக்கு ஒரே கோபம். செத்தவர்களுக்காக இல்லை, கண்ணாடிக்காக! கடைகளின் முகப்புக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வர வேண்டும், அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும் என்று காப்பீட்டுக்காரர் கணக்குச் சொல்கிறார். இவ்வளவு பொருளை நாசமாக்கியதற்குப் பதில் இருநூறு யூதர்களைக் கொன்றிருக்கலாமே என்று வாய்விட்டே அங்கலாய்த்தார் கோரிங். பிரச்சார அமைச்சர் கோயபல்சின் கவலை வேறு: ரயிலில் யூதர் எந்தப் பெட்டியில் உட்காருவது? வண்டி நிரம்பியிருந்தால் கழிப்பறையில் உட்காரட்டும் என்றார் கோரிங். ஒரு பேரரசின் அமைச்சர்கள் கூடிப் பேசிய விஷயம் இது!

அன்றே தீர்ப்பும் வந்தது. உடைந்ததை யூதர்களே சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். அவர்களுக்கு வரவேண்டிய காப்பீட்டுத் தொகை அரசுக்கு. அதற்கு மேல் அபராதம் 100 கோடி மார்க், சொத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீதம். பரிவுள்ள அரசல்லவா, தவணையில் கட்டலாம் என்றது! எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம் என்பார்கள். இங்கே கொளுத்தியவனே பிடுங்கினான், கொளுத்திய கூலியையும் கேட்டான்.

'ஓடிப்போக வேண்டியதுதானே?' என்று கேட்கும் புத்திசாலி எந்த ஊரிலும் உண்டு. ஓடுவதற்கும் வரி இருந்தது. வரி கட்டியபின் போக இடம் வேண்டுமே! அதே வருடம் ஜூலையில் பிரான்சின் எவியான் ஏரிக்கரை ஓட்டலில் 32 நாடுகள் யூத அகதிகளைப் பற்றிப் பேசக் கூடி ஒன்பது நாள் அனுதாபப்பட்டன. தாராளமாகக் கதவு திறக்கிறோம் என்றது டொமினிகன் குடியரசு ஒன்றுதான். எங்களிடம் இனப்பிரச்சினை இல்லை, இறக்குமதி செய்யவும் விருப்பமில்லை என்றார் ஆஸ்திரேலியப் பிரதிநிதி. (அங்கத்திய பூர்வகுடிகளை அவர் கேட்டுவிட்டுத்தான் வந்தாரா?) நடுநிலை நாடான சுவிட்சர்லாந்து, வருபவர் யூதரா என்று எல்லையிலேயே தெரிய வேண்டும் என்று நெருக்கியது. அக்டோபரில் ஜெர்மனி யூதர்களின் பாஸ்போர்ட்டில் சிவப்பாக 'ஜே' முத்திரை விழுந்தது.

1939 மே மாதம் ஹாம்பர்க்கிலிருந்து 'செயின்ட் லூயிஸ்' கப்பல் 937 பயணிகளோடு கியூபாவுக்குக் கிளம்பியது. அநேகமாக எல்லாரும் யூதர்கள். காசு கொடுத்து வாங்கிய அனுமதிச் சீட்டைக் கப்பல் கிளம்பும் முன்பே கியூபா ரத்து செய்திருந்தது. ஹவானாவில் இறங்கவிட்டது 28 பேரை. அமெரிக்கா கரையேற விடவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அப்படித் திரும்பியவர்களில் 254 பேர் பிறகு நாஜிகளின் இன அழிப்பில் மடிந்தார்கள். அவர்களும் பயணச்சீட்டுக்கு முழுக் கட்டணம் கட்டியவர்கள்தான்.