ஐந்து மணிச் சேவல்

முன்னேற விரும்பும் சிறுதொழில் முதலாளி விடியற்காலை ஐந்து மணிக்கே எழ வேண்டுமாம். தலைமைத்துவப் பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லித் தருகிறார்கள். வகுப்பு தொடங்குவது பத்து மணிக்கு.

கண்டி–கொழும்பு வீதியில், பிலிமத்தலாவைப் பித்தளைப் பட்டறைகளுக்கு இந்த ஞானம் இன்னும் வந்து சேரவில்லை. அங்கே முதலாளியே மெழுகில் உருப் பிடிக்கிறார், மண் பூசிக் காயவைக்கிறார், சூட்டில் மெழுகு உருகி ஓடியதும் அந்த இடத்தில் பித்தளையை வார்க்கிறார். ஆறிய பின் அச்சை உடைத்தால் குத்துவிளக்கின் உச்சிச் சேவல் வெளியே வரும். கொண்டையில் ஒரு காற்றுக் குமிழ் தெரிந்தால் சேவல் மறுபடி உலைக்கு. வகுப்பில் இதற்குப் பெயர் 'தோல்வியிலிருந்து கற்றல்'. பட்டறையில், 'இன்றைய கூலி போச்சு.'

'குழுவை வழிநடத்தல்' என்றும் ஒரு பாடம் உண்டு. குழு என்றால் மனைவி, மச்சான், மருமகன்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது மெருகு போடும் மோட்டார்கள் நின்றன. அந்த நாட்களில் 'நேர முகாமைத்துவம்' மின்வெட்டு அட்டவணையாகவே வீட்டுக்கு வந்தது.

பக்கத்துக் கடலாதெனிய விகாரையை 1344இல் கட்டியவர் கணேஸ்வராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதை வெட்ட மறந்துவிட்டார்கள்.