ஓசியில் கிடைத்த கண்ணீர்

கேள்வி: சின்ன ஊர், பனி, கிறிஸ்துமஸ் இரவு, கடைசியில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வது... இப்படிப்பட்ட கதையை எந்தப் பதிப்பாளராவது வேண்டாம் என்பாரா?

பதில்: என்றார்களே! பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் எழுதிய கதையை யாரும் சீந்தவில்லை. மனுஷர் 1943-ல் தாமே 200 பிரதி அச்சடித்து, கிறிஸ்துமஸ் வாழ்த்தாக நண்பர்களுக்கு அனுப்பிவிட்டார். அதுதான் 1946-ல் ஃபிராங்க் காப்ரா கையில் 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' படமானது. பெட்ஃபோர்டு ஃபால்ஸ் என்ற அந்தப் பனி ஊரைப் படம்பிடித்தது கொளுத்தும் கோடையில். பனி என்பது தீயணைப்பு நுரையும் சோப்பும். வசூலிலும் சோடைதான். 1974-ல் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் கோட்டை விட்டார்கள். ஓசி என்றதும் டிவிக்காரர்கள் வருஷா வருஷம் போட்டுப் போட்டு அமெரிக்காவையே அழவைத்தார்கள். எனக்கு ஒரே மனக்குறை: படத்தில் 8,000 டாலரை அமுக்கிய வில்லன் பாட்டர் கடைசிவரை மாட்டவே இல்லை!